டிரம்மை மூடிய தகடு

அத்தியாயம் பதினான்கு

அமிர்தநாதன் சொன்ன சொல்லை வண்டன்மேட்டில் முப்பது வருஷமாக யாரும் தட்டியதில்லை. இந்த மூன்று வாரமாகவோ அவரோடு யாரும் பேசுவதே இல்லை.

ஏன் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிடுகிறேன். சிஜு இவர்கள் போகிற மாதா கோயில் பையன். மூன்று ஏக்கர் ஏலக்காய். வீட்டிலேயே காய வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கம்பெனியிடம் உலர்த்தும் மெஷின் வாங்கினான். பதினொரு லோடு போட்டான். பச்சை போய், வெளுத்து, சீந்துவாரில்லாத காயாக வந்தது. முதல் லோடிலிருந்தே கெட்டது, மெஷின்தான் கோளாறு என்கிறான் சிஜு. முதலில் நன்றாகத்தான் வந்தது, கடைசி நாலு லோடில்தான் இவன் ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கெடுத்தான் என்கிறது கம்பெனி.

கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தத்தில் தீர்த்துக்கொள்வது என்று வாங்கும்போதே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு நிபுணர் ஒருவர் வேண்டும் என்று கம்பெனி கூட்டி வந்த ஆள்தான் நம் அமிர்தநாதன். எஸ்டேட் ஸ்டோரில், அதாவது ஏலக்காய் காய வைக்கும் கட்டடத்தில், முப்பத்தொரு வருஷம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன். சிஜு வீட்டுக்குப் போனார், நாற்பது கிலோ போட்டு ஓட்டினார், காய் இலைப்பச்சையாக இறங்கியது. மெஷினில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். சொந்தக் கோயில் பையனைக் கவுத்துட்டாரு என்று ஊர் முடிவு கட்டியது. போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் மனைவி புஷ்பமேரிக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. சிஜுவின் தாயார் பெயரிலிருக்கும் நிலத்தின் பத்திரம் வங்கியில் அடமானமாக இருக்கிறது. இந்த ரிப்போர்ட் நின்றால் நிலம் போகும். அமிர்தநாதனுக்கு அது தெரியும். தெரிந்தும் கண்டதை எழுதினேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

அந்த நெஞ்சு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குன்றியது.

கட்டப்பனையில் பத்தரைக்கு விசாரணை. அடுக்களைக் கதவுக்கு வெளியே மழைத்தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் இருக்கிறது. முகம் கழுவ அங்கே போனார். மகள் அஞ்சு படியில் நின்று ரிப்போர்ட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். ஆன்லைன் சேவை மையத்தில் வேலை அவளுக்கு. ரிப்போர்ட்டை டைப் செய்ததும் அவள்தான். அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது என்பதால் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“கடைசி வரி, அப்பா. ‘மெஷின் எந்த நிலையில இருந்துச்சோ அப்படியே வெச்சுச் சோதிச்சேன். நான் எதையும் மாத்தல.’ இதைக் கேப்பாங்க. ஆமான்னு சொல்லணும்.”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். கை டிரம் மூடியைத் தூக்கியது. அப்படியே நின்றுவிட்டார்.

ஒன்றரைச் சாண் தகடு. நாலு ஓரமும் விரலகலம் மடித்து அடித்தது. மூன்று வாரமாகத் தினம் காலையில் இதைத் தூக்கித்தான் தண்ணீர் மொள்ளுகிறார். ஒரு நாளும் கண்ணில் படவில்லை. இது எங்கேயிருந்து வந்தது என்று உள்ளே பார்த்துக் கேட்டார். புஷ்பமேரி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்து, உங்கள் சாமான் சாக்கில்தான் கிடந்தது, அந்த சிஜு வீட்டுக்குப் போய் வந்த அன்றைக்கு, டிரம் வாய்க்குச் சரியாக இருந்ததென்று எடுத்து வைத்தேன் என்றாள். பழைய மூடியைக் காற்று அடித்துக்கொண்டு போய் எத்தனை நாளாச்சு, ஒன்று வாங்கித் தரத் துப்பில்லை, இப்போது கேள்வி வேறா என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அமிர்தநாதனுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு மழை. கம்பெனி வக்கீல் பிஜுவும் கூட வந்த ஆளும் அட்டைப்பூச்சிக்குப் பயந்து சிஜு வீட்டு அடுக்களையிலேயே பாலில்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சிஜு விறகு எடுக்கப் போயிருந்தான். மெஷினோடு இவர் மட்டும். ஸ்டோரில் நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் ஆவிக் குழாய்க்குள் கையை விட்டுத் துழாவுவது வழக்கம். எலிக்கூடு இருக்கும், சருகு இருக்கும், சில நாள் செத்த வவ்வால்கூட இருக்கும். வருவதை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிப்பார்கள். முப்பத்தொரு வருஷம் செய்த வேலை. அன்றைக்கும் கை உள்ளே போனது, எதையோ இழுத்தது, சாக்கில் போட்டது. கை பாட்டுக்குச் செய்தது. மனசு விறகின் ஈரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

பச்சைக் காயில் இருக்கிற ஈரம் ஆவியாகி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். குழாய் அடைத்தால் காய் உலராது, வெந்துபோகும், வெளுத்துப்போகும். சிஜுவின் காய்க்கு வந்த நோய் அதேதான். இந்த மனுஷன் நோயை இழுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, நோயே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டிரம்மையும் மூடியிருக்கிறார்கள்.

அஞ்சுவிடம் சொன்னார். அவள் கையிலிருந்த தாளை ஒரு தடவை பார்த்தாள், தகட்டை ஒரு தடவை பார்த்தாள், மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

“தகட்டை யாரு வெச்சது, அப்பா?”

அதுதான் கேள்வி. மெஷினை லாரியில் ஏற்றும்போது மழை இறங்காமலிருக்கக் கம்பெனிக்காரன் குழாயை மூடி அனுப்பியிருக்கலாம். மாட்ட வந்தவன் எடுக்க மறந்திருக்கலாம். அப்படியென்றால் குற்றம் கம்பெனி மேல். இல்லை, விறகை மிச்சம் பிடிக்கலாம், சூடு வெளியே போகாது என்று சிஜுவே செருகியிருக்கலாம். புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்தக் கெட்டிக்காரத்தனம் பண்ணுவதுண்டு. அப்படியென்றால் பையன் பொய்யனாகவும் ஆகிவிடுவான். அமிர்தநாதன் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று யோசித்தார். தலை சுற்றியதுதான் மிச்சம்.

புஷ்பமேரிக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஊரே திட்டித் தீர்த்துவிட்டது, இனிமேல் திட்ட ஒன்றுமில்லை, பேசாமல் எழுதினதைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். கூட்டிப் போனது கம்பெனி, காசு கொடுப்பதும் கம்பெனி, அவர்களுக்காகத்தானே சாட்சி என்றும் கேட்டாள். முந்தின நாள் போனில் வக்கீல் பிஜு பேசியதும் ஏறக்குறைய இதைத்தான். நீங்க நம்ம ஆளு அண்ணே, கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம் என்றிருந்தார்.

ஆனால் அஞ்சு கையிலிருந்த ரிப்போர்ட்டோடு இணைத்திருந்த, நிபுணருக்கான விதிமுறைத் தாள் வேறு மாதிரிச் சொன்னது. நிபுணராக வருகிறவர் யார் கூட்டி வந்தாலும், யார் காசு கொடுத்தாலும், கடமைப்பட்டது நடுவருக்குத்தான். தனக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தது தப்பென்று பின்னால் தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். டைப் அடிக்கும்போது அவளே அதைக் கவனமாகப் படிக்கவில்லையாம்.

“சம்பளம் ஒருத்தன்கிட்ட, வேலை இன்னொருத்தருக்கா? இது என்ன கூத்துடி.”

“அப்படித்தான் போட்டுருக்கு, அப்பா.”

“சரி, சொல்லிடறேன். சொன்னா சிஜு பொழைப்பானா, மாட்டுவானா? அது தெரியாம எப்படிச் சொல்ல?”

“அது தெரிஞ்சுக்கிட்டுச் சொன்னா நீங்க ஒரு பக்கம் சேந்துட்டீங்கன்னு அர்த்தம்.”

பெற்ற மகள் இப்படிப் பேசினால் அப்பனுக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். இவருக்கு இரண்டும் இருந்தது. அதற்குள் கீழே ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது. அவசரத்தில் தகட்டை டிரம் மேலேயே வைத்துவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள்.

கட்டப்பனையில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். படிக்கட்டில் சிஜு நின்றுகொண்டிருந்தான். மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பையன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அமிர்தநாதனுக்குத் தாளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், தம்பி, தகட்டை நீ வெச்சியா என்று. வாய் வரை வந்துவிட்டது. அஞ்சு சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கட்சிக்காரரைத் தனியாக ஒதுக்கி வைத்துக் கேட்கிற வேலை நிபுணருக்குக் கிடையாது என்பதும் அந்தத் தாளில் இருந்ததாம். அந்தத் தாள் தன்னை மூச்சாவது விட அனுமதிக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

நடுவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ் அம்மா. மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார், இவர் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் பதில் சொன்னார். பெயர், வயசு, எத்தனை வருஷம் ஸ்டோர் வேலை என்பதெல்லாம் முடிந்தது. பிஜு எழுந்து ரிப்போர்ட்டை நீட்டி, கடைசி வரியை வாசித்து, இது சரிதானே என்று சிரித்தபடி கேட்டார்.

அமிர்தநாதன் சொல்ல வேண்டியது ஆமாம் என்று ஒரு சொல்தான். சொல்லிவிட்டு இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சிஜுவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் நல்லவனா கெட்டவனா என்று அவன் உச்சந்தலையில் எழுதியா இருக்கிறது.

“இல்லீங்கம்மா. அந்த வரி தப்பு. ஆவிக் குழாயிலேருந்து ஒரு தகட்டை எடுத்துட்டுத்தான் ஓட்டினேன். எடுத்ததே எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்.”

ஹாலில் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். பிஜு குரலை உயர்த்தினார், சிஜுவின் வக்கீல் அதைவிட உயர்த்தினார், நடுவர் அம்மா பேனாவால் மேஜையைத் தட்டி இருவரையும் உட்கார வைத்தார். தகட்டின் உள்பக்கத்தில் கறை இருந்ததா என்று இவரைக் கேட்டார். கேள்வியின் ஆழம் அமிர்தநாதனுக்கு உடனே புரிந்தது. ஏலக்காய் ஆவியில் எண்ணெய் உண்டு. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு படலம் பிசினாகப் படியும். பதினொரு லோடும் அங்கேயே இருந்த தகடென்றால் கறை கட்டியாக இருக்கும், வந்ததிலிருந்தே இருந்தது என்று ஆகும். கடைசியில் செருகியதென்றால் மெல்லிசாக இருக்கும். யார் வைத்தது என்று அந்தக் கறை சொல்லிவிடும்.

கட்டியா, மெல்லிசா என்று நடுவர் மறுபடி கேட்டார்.

தெரியவில்லை என்றார் இவர். கை எடுத்தது, கண் பார்க்கவில்லை. டிரம் மூடியாக இத்தனை நாள் கிடந்ததைப் பார்த்தும் பார்க்கவில்லை. இன்று காலையில்கூட உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. கட்டியாக இருந்தது என்று சொல்லியிருந்தால் சிஜு அந்த நிமிஷமே பிழைத்திருப்பான், ஊரும் இவரைக் கொண்டாடியிருக்கும். நாக்கு அதற்கு வளையவில்லை.

தகட்டைக் கொண்டுவரச் சொல்லி விசாரணையை மூன்றரை மணிக்குத் தள்ளி வைத்தார்கள். அஞ்சு படிக்கட்டில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். ஜட்ஜம்மா அந்த டிரம் தகட்டைப் பார்க்க வேண்டுமாம், எடுத்துக்கொண்டு ஜீப்பில் வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள், கிடைக்கவில்லை.

புஷ்பமேரி மூன்றே காலுக்கே வந்துவிட்டாள். பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு எடுத்த பட்டுச்சேலை. கையில் புதுத் துண்டில் சுற்றிய தகடு. அவளே கொண்டுபோய் நடுவர் மேஜை மேல் வைத்துத் துண்டைப் பிரித்தாள்.

தகடு பளபளவென்று இருந்தது. புளியும் சாம்பலும் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்திருந்தாள். நடுவர் அம்மாவின் மூக்குக்கண்ணாடிகூட அதில் தெரிந்தது.

ஐயோ என்று அஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பிசிறு கறை இல்லை. ஜட்ஜ் முன்னால் வைக்கிற பொருள், அழுக்கோடவா கொண்டுவருவது என்று புஷ்பமேரி சின்னக் குரலில் சொன்னாள். எல்லோர் முகத்தையும் பார்த்த பிறகு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அமிர்தநாதனுக்குக் கோபம்கூட வரவில்லை. யோசிக்காமல் சுத்தம் செய்து கெடுத்த ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் இல்லையே.

சிஜு எழுந்து தகட்டைப் பார்த்தான். முதன்முதலாகப் பார்க்கிறவன் பார்வையா, மறைத்து வைத்தது வெளியே வந்துவிட்டதே என்கிற பார்வையா என்று அமிர்தநாதன் கூர்ந்து கவனித்தார். பிடிபடவில்லை. பிஜுவின் முகமும் சரியில்லை. அதுவும் பிடிபடவில்லை.

அப்போதுதான் அவர் கண்ணில் அந்த ஓரம் பட்டது. மடித்து அடித்த ஓரம். அந்த மடிப்புக்குள் புளி போகாது, சாம்பல் போகாது. இடுக்கில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

“அம்மா, மடிப்புக்குள்ள கறை இருக்கு.”

சொல்லும்போதே அவர் கட்டைவிரல் நகம் மடிப்பைப் பிரிக்கப் போய்விட்டது. கையை எடுங்க என்றார் நடுவர், கொஞ்சம் பலமாகவே. அமிர்தநாதன் தீயைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கைகளை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

தகட்டைக் கவரில் போட்டு அரக்கு வைத்தார்கள். நடுவர் அம்மா உத்தரவைச் சொன்னார். அமிர்தநாதன் இனி நிபுணர் இல்லை. செய்ததையும் கண்டதையும் சொல்கிற சாதாரண சாட்சி மட்டும்தான். அவர் ரிப்போர்ட்டை ஒதுக்கி வைக்கிறோம். மடிப்பைப் பிரித்துப் பார்க்க வேறொரு நிபுணர் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றார். இவர் செய்தது சரியென்றோ தப்பென்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாராட்டாவது திட்டாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த மனுஷனுக்கு அது என்னவோ போல இருந்தது.

இரண்டு வக்கீல்களும் ஒரு மூலையில் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். இரண்டு நிமிஷத்தில் ஒரே பெயரோடு திரும்பினார்கள். அமிர்தநாதனுக்கு அடுத்தபடி இந்த வட்டாரத்தில் ஸ்டோர் வேலை தெரிந்தவர் ஒருத்தர்தான். மரியஜோசப்.

மரியஜோசப் புஷ்பமேரியின் கூடப்பிறந்த அண்ணன். ஒரே எஸ்டேட் ஸ்டோரில் இரண்டு பேரும் வேலை பார்த்த காலத்தில் மரியஜோசப் பொறுப்பிலிருந்த லோடு ஒன்று கருகிவிட்டது. மேனேஜர் கேட்டபோது, நெருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அமிர்தநாதன் உள்ளதைச் சொன்னார். மச்சானை ஸ்டோரிலிருந்து ஏலக்காட்டுக் கூலி வேலைக்கு இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு நின்றது இரண்டு வீட்டுப் பேச்சுவார்த்தையும். இப்போது வேறொரு ஸ்டோரில் இருக்கிறார்.

இந்த உறவை அமிர்தநாதனே எழுந்து சொன்னார். நடுவர் அம்மா இரண்டு வக்கீல்களையும் பார்த்தார். சிஜுவுக்கோ கம்பெனிக்கோ அவர் சொந்தமில்லை, எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள். அப்படியென்றால் விசாரணை முடிகிற வரை நீங்களும் மரியஜோசப்பும் இந்த விஷயமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது, முடியுமா என்று இவரைக் கேட்டார்.

“அது ஒண்ணுதாம்மா இதுல எனக்குக் கஷ்டமில்லாதது. ஒம்பது வருஷமா அப்படித்தான் இருக்கோம்.”

ஹாலே சிரித்தது. சிஜுகூடச் சிரித்துவிட்டான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவன் இவரை நேராகப் பார்த்தான். அமிர்தநாதனுக்கு மனசு லேசாக இருந்தது. ஒன்றும் தீரவில்லை, யார் வைத்த தகடு என்று இன்னும் தெரியாது, ஆனாலும் லேசாக இருந்தது.

புஷ்பமேரி மட்டும் சிரிக்கவில்லை. படி இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். அஞ்சு ஜீப் பிடிக்க முன்னால் போய்விட்டாள். வெளியே மஞ்சுப்பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது.

“ஏங்க. அந்தத் தகட்டை நானாத் தேய்க்கல.”

அமிர்தநாதனுக்குப் புரியவில்லை. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். அஞ்சு போன் பண்ணினதும் கை கால் ஓடவில்லையாம். ஜட்ஜ் எதற்குத் தகட்டைக் கேட்கிறார், இவரை உள்ளே போட்டுவிடுவார்களோ என்று பயமாம். ஸ்டோர் விஷயம் தெரிந்தவர்கள் வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது. அதனால் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். தகடு எங்கேயிருந்து வந்தது, எப்படி வந்தது எல்லாம் சொல்லிவிட்டாள்.

“அண்ணன்தான் சொல்லுச்சு. ரெண்டு பக்கமும் நல்லாப் புளி போட்டுத் தேய்ச்சுக் கொண்டுபோன்னு.”

அமிர்தநாதன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஏலக்காய்க் கறை எதைச் சொல்லும் என்பது மரியஜோசப்புக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் சொன்னாரா? இல்லை, ஒன்பது வருஷம் கழித்துக் கூப்பிட்ட தங்கச்சியிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? எதுவாக இருந்தாலும் அதே ஆள் கையில்தான் இனி அந்த மடிப்பு போகப்போகிறது. இதை நடுவரிடம் சொல்ல வேண்டும். அதற்குத் தாளைப் பார்க்கத் தேவையில்லை.

அவர் ஒரு படி மேலே ஏறினார். புஷ்பமேரி அவர் சட்டையைப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தது.

“ஒம்பது வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தாங்க என்னையத் தங்கச்சின்னு கூப்பிட்டுச்சு.”

அமிர்தநாதன் நின்றார். மேலே ஹாலில் நாற்காலிகளை எடுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. நடுவர் அம்மா இன்னும் கிளம்பவில்லை.